கதவைத் தட்டிய காலை

எனக்குப் பிறவியிலேயே காது கேட்காது. எட்டாம் வகுப்போடு நின்றவள். கோவில்பட்டியில் காது கேளாத பிள்ளைகளின் விடுதியில் ஆயாவாக இருக்கிறேன்.

போன வாரம் விடியற்காலையில் குளிக்கப் போன சிறுமி ஒருத்தி வெகுநேரம் வெளியே வரவில்லை. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. வழுக்கி விழுந்துவிட்டாளோ என்று பதறிப்போய், கை சிவக்கத் தட்டினேன். நான் தட்டுவதைப் பார்த்து ஓடிவந்த டீச்சருக்கும் காது கேட்காது. "ஏட்டி, யாருக்குக் கேக்கணும்னு இந்தத் தட்டு தட்டுத?" என்று சைகையில் கேட்டவர், வெளியே இருந்த குளியலறை விளக்கின் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்தார்.

கதவு திறந்தது. தலை நிறைய சோப்பு நுரையோடு நின்றவள், "கரண்டு ஏன் வந்து வந்து போவுது?" என்று விரல்களால் கேட்டாள். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

இப்போது என் வீட்டுக் குளியலறை சுவிட்சையும் வெளியே மாற்றிவிட்டேன். நான் குளிக்கும்போது என் வீட்டுக்காரர் வேண்டுமென்றே அதைப் போட்டு அணைக்கிறார். கோபம் வருவதில்லை, உள்ளிருந்தே கதவுக்கு மேலுள்ள இடைவெளி வழியாக அவர்மேல் தண்ணீரை வாரி அடிக்கிறேன்.