பட்டறைக்குள் போன குழாய்

அறுபதுகளில் தாராவியில் நாங்கள் குடியிருந்த சந்தில், எங்களுக்கு அடுத்த வாசல் தோல்பை தைக்கும் பாயின் பட்டறை. மருதாணி பூசிய தாடியும் நூலால் கட்டிய மூக்குக் கண்ணாடியுமாக இருப்பார். பேசும்போதுகூட வாயில் ஒரு நூல்துண்டைக் கடித்தபடியே பேசுவார்.

மழைக்காலத்தில் சாக்கடை எங்கள் வீட்டுக்குள் ஏறிவிடும். பிள்ளைகளைக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டு வாளியால் அள்ளி ஊற்றுவேன். ஒரு வருஷம் முனிசிபாலிட்டியார் கழிவுநீர்க் குழாய் பதிக்க வந்தார்கள். அதைப் பெரிய தெருக் குழாயோடு சேர்க்கப் பாயின் பட்டறைக்குள்தான் தோண்டவேண்டும் என்றார்கள். அடைப்பு எடுக்கும் குழியும் அவர் தரையிலேயே வருமாம். அதன்மேல் எதையும் வைக்க முடியாது. பாய் சம்மதிக்கமாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அவர் வாயிலிருந்த நூலை எடுத்துவிட்டு, "கோதோ சாப்," என்று இஞ்சினீயரிடம் தோண்டச் சொல்லிவிட்டார்.

அடுத்த மழைக்கு எங்கள் வீட்டுத் தரை நனையவில்லை. நன்றி சொல்லப் போனேன். இரண்டு தையல் மிசின் இருந்த இடத்தில் ஒன்றுதான் இருந்தது. பாய் மூலையில் ஒடுங்கி உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு மிசின் போச்சே பாய், வருத்தமா இல்லியா?"

"வருத்தம் இல்லாம இருக்குமாம்மா? ஆனா ஒங்க புள்ளைங்க கட்டில்ல இருந்து அழுவுத சத்தம் இந்த மழைக்குக் கேக்கலல்லா."

எங்களுக்கு நடுவே இருந்தது வெறும் தகரச் சுவர். அத்தனை மழைக்காலமும் அந்த அழுகை எனக்கு மட்டும்தான் கேட்கிறது என்று நினைத்திருந்தேன்.