குறை: கடிதங்கள் செயற்கை

நாவலைப் பாடமாக நடத்துவது, பிரியாணியைச் சாப்பிடாமல் அதில் என்னென்ன போட்டிருக்கிறது என்று எழுதிப்போடுகிற வேலை. பாளையங்கோட்டையில் முப்பது வருடமாக இதைத்தான் செய்கிறேன். கூடப் படித்தவன் எழுதிய நாவலையே நடத்தும்படி ஆன சகோதர ஆசிரியர்கள் யாராவது இருந்தால், எனக்காக ஒரு பெருமூச்சு விடுங்கள்.

பாடமாக வந்தது

மைதீனும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு எப்போதும் எனக்கு, அவன் கைதட்டுவான். பிறகு வளைகுடாவுக்கு வேலைக்குப் போய், அங்கே போரில் மாட்டி, பாலைவனக் கூடாரத்தில் கிடந்து ஊர் திரும்பினான். அறுபதை நெருங்கும் வயதில் அதை நாவலாக்கினான். இரண்டு சிறுவர்களின் சிநேகிதம், அதில் ஒருவனைப் பிடித்துக்கொள்ளும் போர், அவ்வளவுதான் கதை. பரிசு கிடைத்தது. எங்கள் கல்லூரியில் பாடமாகவும் வைத்துவிட்டார்கள்.

எனக்கு வயிறு எரிந்தது. எழுத்தாளனாக வேண்டியவன் நான். என் நாவலின் முதல் அத்தியாயத்தை இன்னும் திருத்திக்கொண்டிருக்கிறேன். துறைத்தலைவர் அதில் எண்ணெய் ஊற்றினார்: "உங்க கூட்டாளி புஸ்தகம்லா, நீங்களே நடத்துங்க சாமுவேல்."

முன்னுணர்த்தல்

ஐம்பது பக்கத்துக்கு மேல் வாசிக்க முடியவில்லை. நன்றாக இருந்தது, அதுதான் கஷ்டம். ஆற்றில் ஒரு பையன் மூச்சடக்கி முங்கிக் கிடப்பான். மற்றவன் கரையில் நின்று எண்ணுவான். பின்னால் வரும் போர்க்காலக் காத்திருப்பை இந்த ஒரு காட்சி முன்கூட்டியே உணர்த்திவிடுகிறது. இது எனக்கல்லவா தோன்றியிருக்க வேண்டும் என்று புத்தகத்தை மூடினேன். மீதிக்குக் கடையில் விற்கும் நோட்ஸ். நீங்களும் செய்திருப்பீர்கள், முகத்தைத் திருப்பாதீர்கள்.

இருந்தாலும் வகுப்பில் பாராட்டித்தானே ஆக வேண்டும்? பாராட்டினேன். முன்பெஞ்சு பாத்திமா அக்கறையாகக் கேட்டாள்: "இந்த நாவல் நடத்தும்போது மட்டும் உங்களுக்குப் பல்லு வலிக்கா சார்?"

குறை ஒன்று வேண்டும்

திறனாய்வு என்றால் குறை ஒன்றாவது காட்ட வேண்டும். ஊர்ச் சிநேகிதன் முன்பு எழுதிய கடிதங்களைக் கூடாரத்தில் நாயகன் எடுத்து வாசிக்கும் பகுதியை நோட்ஸ் ஓகோவென்று புகழ்ந்திருந்தது. அந்த இடத்திலேயே கைவைத்தேன். கடித உத்தி செயற்கை, அந்த வயதுப் பையன் அப்படி எழுதமாட்டான் என்று எழுதிப்போட்டேன்.

தேர்வில் எல்லாப் பிள்ளைகளும் அப்படியே எழுதினார்கள். பாத்திமா மட்டும் கடிதங்கள்தான் நாவலின் உயிர் என்று நான்கு பக்கம் எழுதியிருந்தாள். பத்துக்கு மூன்று போட்டேன். தாளை வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "அந்தக் கடுதாசியள நீங்க வாசிச்சியளா சார்?"

மைதீன் வந்தான்

போன மாதம் மைதீனைப் பேசக் கூப்பிட்டார்கள். பாத்திமா எழுந்து ஒரு கடிதத்தை வாசித்தாள். மாஞ்சோலை மலையிலிருந்து இறங்கும் பஸ்ஸில் யாரோ கொண்டுவந்த பலாப்பழம் வளைவுக்கு வளைவு உருண்டு, எழுதியவனின் காலை நசுக்கிவிட்டு, டிரைவரிடம் போய் நிற்கிறது. பக்கத்தில் நீ இல்லாததால் சிரிப்புகூட சரியாக வரவில்லை என்று கடிதம் முடிந்தது.

நசுங்கியது என் கால். அவன் வளைகுடாவில் இருந்தபோது நான் எழுதிய கடிதம் அது.

இது செயற்கை என்று எங்கள் சார் சொல்கிறாரே என்று அவள் கேட்டாள். பெட்டியெல்லாம் போட்டுவிட்டு ஓடியபோது சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்த கடிதங்கள், ஒரு வரி மாற்றவில்லை என்றான் மைதீன். பிறகு என்னைத் தேடிப் பார்த்து, மைக் இருப்பதையே மறந்து சொன்னான்: "அதெல்லாம் நீ எழுதுனதுதாம்லே சாமு. கடைசிப் பக்கத்துல உன் பேரு போட்டிருக்கேம்லா, நீ அங்கன வரைக்கும் வரலியா?"

மறுநாள் பாத்திமாவின் மூன்றை ஒன்பதாக்கினேன். மைதீன் மேலிருந்த பொறாமை ஒருவழியாக ஓய்ந்துவிட்டது; இப்போது அந்தக் கடிதங்களை எழுதிய இருபத்து மூன்று வயதுக்காரன் மேல் வந்திருக்கிறது.