நூரிஸ் வாயைத் திறந்த ஆட்டம்

நூரிஸுக்கு வாய் நீளம் என்று எங்கள் கொன்சுவெலோ ஊரில் யாரும் மறைவாகச் சொல்வதில்லை. முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அதற்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். சர்க்கரை ஆலைக்கு எதிரே, வீட்டு முன்னறையில் பார்லர் வைத்திருந்தாள். சனிக்கிழமை என்றால் தலை நிறைய ரோலர் சுற்றிய பெண்கள் டிரையரின் அடியில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். முடி நேராவதைவிட நூரிஸின் பேச்சைக் கேட்கவே பாதிப் பேர் வந்தார்கள்.

பேஸ்பால் மைதானத்தில் அந்த வாய்தான் ஊருக்கே ஆயுதம். எதிரணியில் பந்து வீசுகிறவன் எப்பேர்ப்பட்ட கொம்பனாக இருந்தாலும், வேலியைப் பிடித்துக்கொண்டு அவன் நடை, தொப்பி, காது என்று ஒன்றையும் விடமாட்டாள். ஒருமுறை பக்கத்து ஊரான கிஸ்கேயா அணியின் நெட்டைப் பையன் அவள் கேலி தாங்காமல் பந்தைக் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டினான்.

அப்படிப்பட்டவள், தன் மகன் வில்கின் பந்து வீச வந்தால் மட்டும் உருகிவிடுவாள். "என் ராசா! என் தங்கம்! உன்னை அடிக்க இனிமேதாண்டா ஒருத்தன் பொறக்கணும்!" பதினாறு வயதுப் பையனுக்குக் கையில் அசாத்திய வேகம். ஆனால் அந்தக் குரல் கேட்டதுமே தோள் இறுகிவிடும். பந்து திசைக்கு ஒன்றாகப் போகும். மூன்று ஆட்டங்கள் இப்படியே கைநழுவின.

பயிற்சியாளர் தியோனிசியோ பார்லருக்கே வந்துவிட்டார். ரோலர் தலைகள் எல்லாம் திரும்பின.

"நூரிஸக்கா, வர்ற சனிக்கிழமை கிஸ்கேயாவோட ஆட்டம். அதுலயும் பையன் நடுங்கினான்னா, தலைநகருக்குப் போற அணியில அவன் பேரு இருக்காது."

"அவன் ஏன் நடுங்கணும்? அதான் நான் இருக்கேன்ல?"

"அதுக்குத்தான் சொல்றேன். நீங்க வராதீங்க."

நூரிஸ் கையிலிருந்த சீப்பை மேசையில் வீசினாள். பெற்றவளைப் பார்த்து வராதே என்பதா? ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பிள்ளையின் வாய்ப்பை நினைத்து அடக்கிக்கொண்டாள்.

அந்தச் சனிக்கிழமை நான்கு தலைகளுக்கு ரோலர் சுற்றி முடித்தபோது கரண்ட் போனது. எங்கள் ஊரில் அது ஒரு செய்தியே இல்லை. டிரையர்கள் ஓய்ந்ததும் மைதானத்துக் கூச்சல் சன்னல் வழியே தெளிவாகக் கேட்டது.

"ஈரத் தலையோட இங்க உக்காந்து என்ன பண்றது? வெயில்ல காயட்டும், வா போவோம்," என்றாள் போலீஸ்காரர் மனைவி பெல்கிஸ்.

"நான் வரலடி. வரக்கூடாதுன்னுட்டாரு."

"பேசக்கூடாதுன்னுதான அர்த்தம்? வாயப் பொத்திக்கிட்டு உக்காரு. உன்னால முடியாது, இருந்தாலும் வா."

அவர்கள் போனபோது கிஸ்கேயா ஆட்கள் பக்கம்தான் இடம் இருந்தது. கடைசி இன்னிங்ஸ். கொன்சுவெலோ ஒரே ஒரு ரன் முன்னே. இன்னும் ஒருவனை அவுட்டாக்கினால் வெற்றி. ஆனால் மூன்று பேஸிலும் எதிரணி ஆட்கள் நிற்க, வில்கின் தொடர்ந்து மூன்று பந்துகளை இலக்கைவிட்டுத் தள்ளி எறிந்திருந்தான். நான்காவதும் அப்படிப் போனால் எதிரணிக்குச் சும்மாவே ஒரு ரன்; ஆட்டம் சமன், அவன் பெயரும் காலி. சுற்றிலும் கிஸ்கேயா கூட்டம் அவனை வறுத்தெடுத்தது.

வில்கின் நிமிர்ந்தான். ரோலர் தலைகளுக்கு நடுவே, இரண்டு கையாலும் வாயைப் பொத்திய தாயைக் கண்டான். அவன் முகம் செத்துப்போனது.

அந்த முகத்தை நூரிஸுக்கு அடையாளமே தெரியவில்லை. வீட்டில் விடிந்ததிலிருந்து அவனைத் திட்டித் தீர்ப்பவள் அவள். அப்போதெல்லாம் பயல் சீட்டியடித்துக்கொண்டு வாழைக்காய் வறுவல் தின்பான்; ஒருநாளும் முகம் வாடியதில்லை. வசவு இவனை ஒன்றும் செய்யாது. ராசா, தங்கம் என்று தலையில் ஏற்றிய பாரம்தான் பிள்ளையை நசுக்குகிறது. இது தெரியாமல் இத்தனை நாள் கத்தினோமே என்று தன்மேலேயே கோபம் வந்தது. எழுந்தாள்.

"டேய் வில்கின்! சோம்பேறிக் கழுதை! ஈரத் துண்டக் கட்டில்ல போட்டுட்டு வந்திருக்கியே, அத யாருடா எடுப்பா? உங்க பயிற்சியாளரா?"

மைதானமே அவள் பக்கம் திரும்பியது.

"ரெண்டடி தள்ளி இருக்கு கூடை! அதுல அழுக்குத் துணியப் போடத் தெரியல. உன் பந்து எப்படிடா நேராப் போகும்?"

பக்கத்திலிருந்த கிஸ்கேயாக்காரர் குஷியாகிவிட்டார். "நல்லாக் கேளும்மா! அவன் ஒரு தண்டம்!"

"நீ மூடுய்யா! என் புள்ளையத் திட்ட நான் இருக்கேன். நீ யாரு?"

வில்கினின் தோள்கள் குலுங்கின. அழுகிறானோ என்று பெல்கிஸ் பயந்தாள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். தொப்பியைச் சரிசெய்தான், மூச்சை நிதானமாக விட்டான், எறிந்தான். ஸ்ட்ரைக்! இப்படி மூன்று விழுந்தால் அடிப்பவன் அவுட். கூட்டம் முன்னைவிட மோசமாக ஊளையிட்டது. அவன் காதில் அது ஏறியதாகவே தெரியவில்லை. அடுத்த பந்துக்கு மட்டை வெறும் காற்றைத்தான் வெட்டியது. மூன்றாவதற்கு மட்டை தோளைவிட்டு இறங்கவேயில்லை. நடுவரின் கை உயர்ந்தது. கொன்சுவெலோ ஜெயித்துவிட்டது!

ரோலர்கள் நாலாபக்கமும் தெறிக்கப் பெண்கள் குதித்தார்கள். தியோனிசியோ மூச்சு வாங்க வேலிக்கு ஓடிவந்தார்.

"அக்கா, தலைநகர் பஸ்ஸுல முன்சீட்டு உங்களுக்குத்தான். ஆனா உங்க வாயிலேர்ந்து ஒரே ஒரு நல்ல வார்த்தை வந்துச்சு, பாதி வழியில எறக்கி விட்டுடுவேன்!"

அதற்குள் வில்கின் வேலியைத் தாண்டிக் குதித்து அவளைக் கட்டிக்கொண்டான். நூரிஸின் நெஞ்சு பெருமையில் விம்மியது. ராசா என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது, கடித்து விழுங்கினாள்.

"தள்ளிப் போடா, வேர்வை நாத்தம்," என்றாள், அவனை விடாமல் இறுக்கிக்கொண்டு.