புள்ளி சேராத பரீட்சை

லீவுக்கு வந்த மகள், கெம்பஸில் வாராவாரம் பத்துக்கு நாலு புள்ளிதான் வருகிறது என்றாள். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுபவன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. எங்கள் வேலையில், சொன்ன நிறைக்குப் பால் வராவிட்டால் அரைப்பேர் விழும். பாதி நாள் வேலை செய்ததாகத்தான் பதிவார்கள். அடிக்கடி விழுந்தால் ஆளையே நிறுத்துவார்கள். மகளுக்கும் வாராவாரம் அரைப்பேர் விழுகிறது என்றே நினைத்தேன்.

"புதுசா படிப்பிக்க வந்த சேர் பாடம் தொடங்க முந்தியே போன வாரப் பாடத்துல கேள்வி கேக்குறாருப்பா. பார்த்து எழுதவும் ஏலாது, எழுதினதை எல்லார் முன்னாலயும் சொல்லவும் வேணும். பழைய சேர்னா சொல்லச் சொல்ல எழுதி, பாடமாக்கிருவோம்," என்றாள். பிறகு மெதுவாக, "நான் திரும்பிப் போகல. எஹலியகொடை டவுன்ல கடை வேலைக்குப் போறேன்."

அடுப்படியிலிருந்து மனைவி, "அப்பனும் மகளும் ஒண்ணுதான். நாலு பேர் முன்னால பேசணும்னா காய்ச்சல் வந்துரும்!" என்றாள்.

லீவு என்றாலும் சனிக்கிழமை அந்த சேரின் வகுப்பு போனில் இருந்தது. எங்கள் லயத்து வீட்டில் சிக்னல் இல்லை. மனைவி விரட்ட, மேட்டு ரோட்டுக்குப் போனோம். மழை. நான் குடை பிடித்தேன்.

சேர் இங்கிலீஷில் இல்லாமல் சிங்களத்தில் பேசியதால் எனக்கும் விளங்கியது. மகளிடம் கேள்வி வந்தது. குடையை அவள் பக்கம் சாய்த்தேன். கடைசியில் ஏதோ சொன்னாள்.

"பிழை. வேறு யாருக்கு இதே விடை?" என்றார் சேர். பல குரல்கள் வந்தன. "அப்படியென்றால் நான்தான் சரியாக விளக்கவில்லை. இன்றைக்கு இதையே திரும்பப் பார்ப்போம்."

மகள் தயங்கித் தயங்கி, "சேர், இந்தப் புள்ளி பரீட்சையில் சேருமா?" என்று கேட்டாள்.

"சேராது மகள். கேட்டு எழுதுவதைவிட, மறந்ததை முயன்று நினைத்துப் பார்த்தால்தான் மனதில் நிற்கும் என்று படிப்பைப் பற்றி ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். அதற்காகத்தான் கேட்கிறேன்."

இறங்கி வரும்போது, "எனக்கு மட்டும் இல்லப்பா, பாதிப் பேருக்கு அதே பிழை," என்று சிரித்தாள். கெம்பஸுக்குத் திரும்பிப் போகிறாயா என்று நான் கேட்கவில்லை.

வீட்டில் துணிகளை மடிக்கத் தொடங்கினாள். அலுமாரிக்கா, பைக்கா என்று தெரியவில்லை. கடைசிச் சட்டையும் கெம்பஸ் புத்தகங்களும் பைக்குள் போய், ஜிப் மூடும்வரை வாசலிலேயே நின்றேன்.