கொசுறாகக் கொடுத்த கன்வர்ட்டர்

1. கைக்குட்டைக்குள் வந்தது

திங்கட்கிழமை மதியம். டிபன் பாக்ஸை அப்போதுதான் திறந்திருந்தேன். ஒருவர் விறுவிறுவென்று எங்கள் எலக்ட்ரிக் சாமான் கடைக்குள் வந்து, கைக்குட்டையில் சுற்றிய எதையோ என் கவுண்டர் மேல் டக்கென்று வைத்தார். பிரித்தால் கறுப்பாக உருகிப்போன ஒரு பிளாஸ்டிக் கட்டி. அந்த நாற்றத்தில் தயிர்சாதத்தை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

"ஏமம்மா இதி?" என்னம்மா இது என்று தெலுங்கில் ஆரம்பித்தார். எங்கள் செகந்தராபாத்தை ஒட்டிய மௌலா அலி பக்கம் இருப்பவர். முந்தின வாரம் என்னிடம் ரூம் ஹீட்டர் வாங்கிப் போனவர். சுவரில் சொருகி இரண்டு மணி நேரத்தில் புகை வந்ததாம். ஜன்னல் திரையின் ஓரம் கருகியதாம். வீட்டில் எல்லோரும் விழித்திருந்ததால் மெயினை அணைத்தார்களாம். அவர் கத்தியதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. நான் கை கூப்பி மன்னிப்புக் கேட்டேன்.

உருகிப்போனது ஹீட்டர் இல்லை. கன்வர்ட்டர் என்று நாங்கள் சொல்லும் சின்னச் சாமான். ஹீட்டரின் பிளக் பெரியது, பதினைந்து ஆம்பியர். வீடுகளில் பெரும்பாலும் இருப்பது சின்ன சாக்கெட், ஐந்து ஆம்பியர். இரண்டுக்கும் நடுவில் சொருக, ஒருபக்கம் தடித்த ஓட்டையும் மறுபக்கம் மெல்லிய பின்னும் உள்ள அந்தக் கன்வர்ட்டர். "எங்க வீட்ல இந்த பிளக் போகாதே" என்று கஸ்டமர் திரும்பிப் போய்விடக்கூடாது என்று, ஹீட்டர் வாங்கும் எல்லோருக்கும் அதை ஒன்று கொசுறாகக் கொடுப்பது எங்கள் கடை வழக்கம். கொசுறு என்றால் யாருக்குத்தான் பிடிக்காது! நானே சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுப்பேன். ஹீட்டர் இழுக்கும் கரண்டை அந்தச் சின்னச் சாமான் தாங்காது என்று அன்றுவரை எனக்குத் தோன்றவில்லை. அந்த சீசனில் எத்தனை கொடுத்திருப்பேனோ.

அவர் போன பிறகு ஒன்றொன்றாக யோசித்தேன். யார் யாருக்குக் கொடுத்தேன்? கடைசியாக யாருக்கு? ஞாபகம் வந்ததும் பில் புத்தகத்தை இழுத்துப் பிரித்தேன்.

2. சனிக்கிழமை விற்றது

எங்கள் குடும்பம் தாத்தா காலத்திலிருந்து செகந்தராபாத். என் தமிழில் பாதி ஹைதராபாத் கலந்திருக்கும். ஆனாலும் ஷோரூமில் தமிழ் பேசும் ஒரே ஆள் நான்தான் என்பதால், சாஃப்ட்வேர் வேலைக்கு வந்து இறங்கிய தமிழ்ப் பிள்ளைகள் ஒருவர் சொல்லி ஒருவர் என்னைத் தேடி வருவார்கள். அப்படி வந்தவன்தான் செந்தில். கோயமுத்தூர்ப் பக்கம். கொண்டாப்பூரில் வாடகை ஃபிளாட். அவன் மனைவி நித்யாவும் ஐ.டி.யில்தான் இருந்தாள், டெஸ்டிங் வேலை. குழந்தை எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டது. எங்கள் கடைக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் இருபது நாள் இன்குபேட்டரில் வைத்திருந்துவிட்டு, மறுநாள் வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள். ரூமைக் கதகதப்பாக வைத்திருக்க வேண்டும், குழந்தைக்குக் குளிர் பட்டால் எடை ஏறாது, மறுபடி இன்குபேட்டர்தான் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த வருஷ டிசம்பரோ பல்லைக் கிட்டிக்க வைத்தது.

"ஏனுங்க்கா, இதுல கரண்ட் கம்மியா இழுக்கறது எதுங்க?" என்று கேட்டான். "ஆஸ்பத்திரிக்கே எல்லாம் போயிருச்சுங்க. வெலையும் கம்மியா இருந்தா நல்லது."

நானும் பொறுமையாகச் சொன்னேன். "தம்பி, கம்பி சிவக்கிற ஹீட்டர், ஃபேன் வெச்ச புளோயர், எண்ணெய் ஹீட்டர், எதை வாங்கினாலும் ஒரே வாட்ஸ்னா ஒரே யூனிட்தான் ஓடும். இது மிச்சம் பண்ணும், அது மிச்சம் பண்ணும்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க. ரூம் சூடானதும் தானே ஆஃப் ஆகுதா, அதைப் பாருங்க. மிச்சம் அங்கதான். கம்பி ஹீட்டர் வெல கம்மி. ஆனா நெருப்பு மாதிரி இருக்கும், குழந்தைத் துணி பட்டா போச்சு. புளோயர் சத்தம் போடும். எண்ணெய் ஹீட்டர்னா சத்தமும் இல்ல, நெருப்பும் இல்ல. வாங்கறப்போ கொஞ்சம் கூட ஆகும். ஆனா தானே நின்னு நின்னு ஓடும்."

இன்று யோசித்தாலும் அதில் ஒரு எழுத்தை மாற்ற மாட்டேன். இரண்டாயிரம் வாட்ஸ் எண்ணெய் ஹீட்டரை எடுத்துக்கொண்டான். கிளம்பும்போது, "எங்க ரூம்ல சின்ன பாயிண்ட்தான் இருக்குதுங்க்கா" என்றான்.

"ஹவ், ஆமா! அதுக்குத்தானே இது" என்று கன்வர்ட்டரைக் கையில் வைத்தேன். அவ்வளவு விளக்கம் சொன்ன வாய்க்கு அந்த ஒரு இடத்தில் புத்தி வேலை செய்யவில்லை. பக்கத்தில் ஒரு கிலுகிலுப்பையும் வைத்துக் கொடுத்தேன், பெரிய மனசு!

3. சேட்

பில் புத்தகத்தில் செந்திலின் வீட்டு நம்பர் இருந்தது. அடித்தேன், எங்கேஜ்டு. பத்து நிமிஷம் கழித்து மறுபடி எங்கேஜ்டு. மொபைல் நம்பர் ஸ்விட்ச் ஆஃப். சனிக்கிழமை வாங்கினான், ஞாயிற்றுக்கிழமை குழந்தை வீட்டுக்கு வந்திருக்கும். ஒரு ராத்திரி முழுக்க அந்த ஹீட்டர் ஓடியிருக்க வேண்டும். எனக்கு உட்கார முடியவில்லை.

கடை முதலாளி சேட்டிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் அந்த உருகின கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பில் மே ஹை க்யா?" என்றார். பில்லில் இது இருக்கிறதா என்கிறார். கொசுறுக்கு ஏது பில்! "இல்லைதானே? நாம் விற்றதாக யார் சொல்ல முடியும்? போய் வேலையைப் பாரம்மா" என்று அவர் பாஷையில் முடித்துவிட்டார்.

பதினாலு வருஷம் அவரிடம் குரல் உயர்த்தாதவள் நான். அன்று எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. "நக்கோ சேட், முடியாது. பில்லில் இல்லாவிட்டாலும் கொடுத்த கை என்னுடையது. அரை நாள் லீவு போட்டுக்கொள்ளுங்கள்" என்று அதே பாஷையில் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன்.

செகந்தராபாத்திலிருந்து கொண்டாப்பூர் ஊரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி. பேகம்பேட்டில் வண்டிகள் அசையவே இல்லை. ஆட்டோக்காரர் பாட்டுப் போட்டார், அணைக்கச் சொன்னேன். வழியில் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். மௌலா அலி குன்றின் மேலிருக்கும் தர்காவுக்குக்கூட வேண்டிக்கொண்டேன். ஃபயர் வண்டி ஒன்று எங்கேயோ மணியடித்துப் போனபோது, எந்தப் பக்கம் போகிறது என்று தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன்.

4. மூன்றாவது மாடி

கட்டிடம் அப்படியே நின்றுகொண்டிருந்தது. புகையில்லை, கூட்டமில்லை. வாட்ச்மேன் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்தே பாதி உயிர் வந்தது. லிஃப்டுக்குக் காத்திருக்காமல் மூன்று மாடி ஏறி மணி அடித்தேன்.

செந்தில் கதவைத் திறந்தான். காதில் ஹெட்போன் மாட்டியிருந்தான். வீட்டிலிருந்தே வேலை, கம்பெனிக் கால் ஓடிக்கொண்டிருந்ததால் மொபைலை அணைத்திருக்கிறான். "ஏனுங்க்கா நீங்க..?" என்று அவன் முடிப்பதற்குள், "ஹீட்டர் எங்கே?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போய்விட்டேன்.

பின்பக்கத்துச் சின்ன ரூம். வடக்கு பார்த்த ஜன்னல், வெயில் எட்டிப் பார்க்காத இடம். ஹீட்டர் மூலையில் நின்றது. ஒயர் தரையில் கிடந்தது, கன்வர்ட்டர் தனியாகக் கிடந்தது, அதன் ஒரு ஓரம் பழுப்பேறியிருந்தது. கட்டிலில் நித்யா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். குழந்தை அவள் நைட்டிக்குள், நெஞ்சோடு ஒட்டி இருந்தது. மேலே இரண்டு போர்வை. நித்யாவின் கண் இரண்டும் செக்கச்சிவந்து கிடந்தன. ஃபோன் ரிசீவரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் எடுத்து வைத்திருந்தாள், மணியடித்தால் குழந்தை திடுக்கிடுகிறதாம்.

"நீதான் புடுங்கிப் போட்டியாம்மா?"

"ஆமாங்க்கா. போட்டு அரை மணி நேரத்துல கைய வெச்சுப் பாத்தனுங்க. பிளக்கு சுட்டுதுங்க. எனக்கு மனசு ஒப்பல. புடுங்கிட்டேன்."

"நான்தான் சொன்னேனுங்க்கா, அது அப்படித்தான் சுடும், கடைக்காரங்க தெரியாமயா குடுத்துருப்பாங்கன்னு" என்றான் செந்தில் வாசலில் நின்று. "அவ கேக்கல."

"அப்புறம் குழந்தைக்குச் சூடு?"

"ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லிக் குடுத்தாங்க. நெஞ்சோட வெச்சா நம்ம சூடு போதும்னு. நேத்து சாயந்திரத்துல இருந்து இப்படியே உக்காந்துட்டு இருக்கறேன். தூங்கிட்டா நழுவிருமோன்னு பயமுங்க." சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பாதம் தொட்டால் சூடு தெரியும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாளாம். போர்வைக்குள் கை விட்டு அந்தக் காலைத் தொட்டேன். என் சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். வெதுவெதுப்பாக இருந்தது. அப்பாடா! அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நானும் அழுதேன், அதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை.

எழுந்ததும் என் கோபமெல்லாம் செந்தில் மேல் திரும்பியது. வீடு முழுக்க நடந்து சுவரைப் பார்த்தேன். முன்பக்கத்துப் பெரிய ரூமில், மேற்கு வெயில் கட்டில்மேல் விழும் இடத்தில், ஏ.சி.க்காகவே போட்ட பதினைந்து ஆம்பியர் பாயிண்ட் இருந்தது. தனி ஒயர், தனி ஸ்விட்ச். ஏ.சி. இன்னும் வாங்கவில்லை. அந்தப் பாயிண்டுக்கு முன்னால் கம்ப்யூட்டர் மேஜை.

"இந்த ரூம் எதுக்கு?"

"ராத்திரி யு.எஸ். கால் இருக்குதுங்க. பாப்பா தூங்கறதுக்கு அந்த ரூம் அமைதியா இருக்கும்னு..."

"ஏன் தம்பி, கம்ப்யூட்டருக்கா குளிருது?"

மேஜையின் ஒரு பக்கத்தை அவன் பிடித்தான், மறுபக்கம் நான். அரை மணியில் கம்ப்யூட்டர் வடக்கு ரூமுக்குப் போயிற்று, தாயும் பிள்ளையும் வெயில் ரூமுக்கு வந்தார்கள். ஹீட்டரைக் கன்வர்ட்டர் இல்லாமல் நேராக அந்தப் பாயிண்டில் போட்டேன். வெயில் இறங்கியதும் இழுத்து மூட, ஜன்னலுக்கு ஒரு தடித்த பெட்ஷீட்டை இரட்டையாக மடித்துத் திரையாகக் கட்டினோம். கதவுக்கடி இடுக்கில் துண்டு, ஆனால் மேலே காற்று வர வெண்டிலேட்டர் திறந்தபடி. ஹீட்டரின் குமிழைக் கடைசி எண்ணில் வைக்கப் போன செந்திலின் கையைத் தட்டிவிட்டு முதல் எண்ணில் வைத்தேன். வெயில் சூட்டையும் திரையையும் சேர்த்தால் அந்த ரூமுக்கு அதுவே தாராளம். கொஞ்ச நேரத்தில் ஹீட்டர் 'டிக்' என்று தானே நின்றது. கரண்ட் மிச்சம் என்று நான் சனிக்கிழமை பேசியது அந்த 'டிக்'தான்.

குழந்தையைப் பக்கத்தில் படுக்க வைத்த ஐந்தாவது நிமிஷம் நித்யா தூங்கிப்போனாள். வாய் திறந்து, குறட்டை விட்டு. நான் மாலை வரை உட்கார்ந்து அரை மணிக்கொருதரம் பிளக்கைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்றே இருந்தது. செந்தில் காபி போட்டுக் கொடுத்தான். சர்க்கரை போட மறந்திருந்தான். அவ்வளவு ருசியான காபி நான் குடித்ததில்லை.

5. கவுண்டரில் நிற்கும் பிள்ளைகளுக்கு

மறுநாள் டிராயரில் இருந்த கன்வர்ட்டர் எல்லாவற்றையும் அள்ளி சேட் மேஜையில் கொட்டினேன். இனி ஹீட்டரோடு இதைக் கொடுக்க மாட்டேன் என்றேன். பக்கத்துக் கடையில் கொடுப்பார்கள், கஸ்டமர் போய்விடுவார்கள் என்றார். சிலர் போகத்தான் செய்தார்கள். பில் புத்தகத்தைப் பார்த்து அந்த சீசன் ஹீட்டர் வாங்கிய ஒவ்வொரு வீட்டுக்கும் ஃபோன் போட்டு, கன்வர்ட்டரைப் பிடுங்கச் சொன்னேன். இரண்டு வாரம் ஆனது. வேறு யாருக்கும் எதுவும் ஆகவில்லை. கடைசி நம்பருக்குப் பேசி வைத்த அன்றுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது. அதற்குப் பிறகு ஹீட்டர் கேட்டு வருபவரிடம் என் முதல் கேள்வி, "எந்த ரூம், சுவரில் என்ன பாயிண்ட்?" என்பது. பெரிய பாயிண்ட் இல்லாத வீட்டுக்கு ஒரு எலக்ட்ரீஷியனைத்தான் முதலில் சொல்வேன். ஒயரும் பாயிண்டும் சரியாகாமல் ஹீட்டர் கொடுக்க மாட்டேன்.

ஆனால் உங்களிடம் சொல்ல நினைத்தது இது இல்லை. அன்று மாலை நான் கிளம்பும்போது நித்யா விழித்தாள். "மன்னிச்சுக்கம்மா, அதைக் குடுத்தது நான்தான்" என்றேன். "பரவால்லைங்க்கா, நீங்க ஓடி வந்தீங்கல்ல" என்றாள். இல்லை, நான் ஓடிப் போனதால் எதுவும் நடந்துவிடவில்லை. நான் ஆட்டோ பிடிப்பதற்கு ஒரு நாள் முன்னாலேயே அந்தப் பிளக் பிடுங்கப்பட்டுவிட்டது. பதினாலு வருஷம் கவுண்டரில் நின்றவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று புருஷன் சொல்லியும், அவள் என்னை நம்பாமல் தன் கையில் பட்ட சூட்டை நம்பினாள். அந்தக் குழந்தை பிழைத்தது அதனால்தான்.

அதற்குப் பிறகு வேலையை விடும் நாள்வரை ஒவ்வொரு ஹீட்டர் பில்லின் பின்புறமும் என் கையால் ஒரு வரி எழுதிக் கொடுத்தேன்: "அரை மணி கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் பிடுங்கிவிடுங்கள், நான் என்ன சொல்லியிருந்தாலும்."