இரண்டு எழுத்து அதிகமான வார்த்தை

“அப்போ என் வார்த்தை தப்பாம்மா?”

மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் இப்படிக் கேட்டு நான்கு மாதம் ஆகிறது. இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. தப்பில்லை என்றால், பிறகு ஏன் அழித்தாய் என்று கேட்பாள். தப்பு என்றால் அது பொய்.

அவள் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை மிஸ் இரண்டு ஆங்கில எழுத்துகளைக் கொடுப்பார். அந்த இரண்டும் வருகிற மாதிரி ஒரு நீளமான வார்த்தையைப் பிள்ளைகள் திங்கட்கிழமை கண்டுபிடித்து வர வேண்டும். எது மிக நீளமோ அதை வகுப்பு வாசலில் இருக்கும் பச்சைப் பலகையில் பிள்ளையின் பெயரோடு எழுதுவார்கள். ஒரு வாரம் அது அப்படியே இருக்கும். அன்று மாலையே அந்தப் பலகையின் படம் அம்மாக்களின் வாட்ஸ்அப் குரூப்புக்கு வந்துவிடும். கூடவே கைதட்டும் பொம்மைகளும் வரும்.

முதல் ஏழு வாரம் அந்தப் படத்தில் என் மகள் பெயர் இல்லை. ஏழு முறையும் நான் கைதட்டினேன்.

நான் பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்தவள். தாம்பரத்தில் கல்லூரியில் சேர்ந்தபோது முதல் வருடம் முழுக்கக் கடைசி பெஞ்சில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். கேள்வி கேட்டுவிடுவார்களோ என்று குனிந்து எதையாவது எழுதுவதுபோல் பாவனை செய்வேன். அந்தப் பயம் என் பெண்ணுக்கு வரக்கூடாது என்றுதான், அவள் பிறந்த பிறகு வேலையை விட்டுவிட்டு அவள் படிப்பையே வேலையாக எடுத்துக்கொண்டேன். இதை நியாயம் என்று சொல்லவில்லை. இப்படித்தான் ஆரம்பித்தது என்று சொல்கிறேன்.

எங்கள் வீடு ஊரப்பாக்கத்தில், பள்ளி தாம்பரத்தில். ஸ்கூட்டரில்தான் போய் வருவோம். ஜி.எஸ்.டி. ரோட்டு நெரிசலில் பெருங்களத்தூர் தாண்டுவதற்குள் பொறுமை போய்விடும். அவளுக்கு மட்டும் அந்த நெரிசல் பிடிக்கும். வண்டி நின்றால் கடைப் பலகைகளை எழுத்துக்கூட்டிப் படிக்கலாம்.

எட்டாவது வாரம் எஃப், ஜி என்ற இரண்டு எழுத்துகள். அன்று மாலை திரும்பும்போது பீர்க்கன்கரணைப் பக்கம் வண்டி நின்றது. பின்னாலிருந்து என் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

“அம்மா, அம்மா! அந்த ஏசி ரிப்பேர் கடை போர்டைப் பாரு. ரெஃப்ரிஜிரேஷன்! எஃப் இருக்கு, ஜி இருக்கு. வண்டிய எடுக்காத, நான் எண்ணிக்கிறேன்.”

பின்னால் ஆட்டோ ஹாரன் அடித்தது. “இன்னாமா, ரோட்லயே படம் காட்டிக்கினு கீற? வண்டிய எடு” என்றார் ஓட்டுநர். நான் வண்டியை எடுத்தேன். அவள் விடவில்லை. வீடு வரை மனசுக்குள் எழுத்துக்கூட்டி, விரல் போதாமல் என் தோளையும் சேர்த்து எண்ணி, “பதிமூணும்மா!” என்று கத்தினாள். வீட்டுக்குள் வந்ததும் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் நோட்டில் பென்சிலால் எழுதினாள்.

மறுநாள் காலை குரூப்பில் ஒரு அம்மா எழுதியிருந்தார்: “என் பையன் பதினாலு எழுத்துல கண்டுபிடிச்சிட்டான். ஈஸியாத்தான் இருந்துச்சாம்.”

அந்த வரி போதுமாக இருந்தது எனக்கு. எழுத்துகளைப் போட்டால் நீளமான வார்த்தைகளை வரிசையாகக் கொட்டும் ஒரு தளத்தைப் போனில் தேடி எடுத்தேன். முதலில் வந்ததை எடுக்கவில்லை. அவ்வளவு நீளமாக இருந்தால் மிஸ்ஸுக்குச் சந்தேகம் வரும் என்று யோசித்தேன். அவ்வளவு நிதானமாகத்தான் இருந்தேன். கீழே இறங்கித் தேடி, டிரான்ஸ்ஃபிகரேஷன் என்ற வார்த்தையை எடுத்தேன். பதினைந்து எழுத்து. அர்த்தம் பார்க்கவில்லை.

அவள் வார்த்தையை ரப்பரால் அழித்தேன். அழுத்தி எழுதியிருந்ததால் தடம் போகவில்லை. அந்தத் தடத்தின் மேலேயே என்னுடையதை அவள் கையெழுத்து மாதிரி எழுதினேன். அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

“இது இன்னும் பெருசு, அவ்வளவுதான்” என்றேன்.

“எவ்வளவு பெருசு?”

“ரெண்டு எழுத்து.”

அவள் நோட்டை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

திங்கட்கிழமை பலகையில் அவள் பெயர். குரூப்பில் எனக்குக் கைதட்டல். மாலையில் வாசலில் மிஸ்ஸே என்னைக் கூப்பிட்டார். அவர் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்.

“உங்க வீட்ல எல்லாரும் நெத்தியில விபூதியோட வர்றீங்க, இந்த வார்த்தை எப்படிம்மா இவளுக்குத் தெரியும்? இயேசு மலையில மறுரூபமானதுக்குச் சொல்ற வார்த்தை இது! கேட்டா, சர்ச் போர்டுல பார்த்தேன் மிஸ்ங்கிறா. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.”

நான் மகளைப் பார்த்தேன். அவள் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமா மிஸ், போற வழியில எல்லா போர்டையும் படிப்பா” என்றேன். என் நாக்கு கூசவில்லை. எனக்குத் தெரிந்து அவள் சொன்ன முதல் பொய் அது. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதற்காக அதைச் சொன்னாள். அதற்கு நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அதன் பிறகு நான்கு முறை அவள் பெயர் பலகையில் ஏறியது. நான்கும் என் வார்த்தைகள். வெள்ளிக்கிழமை வந்ததும் நோட்டைத் திறந்து என் முன்னால் வைத்துவிட்டு, “நீயே எழுதிடும்மா” என்று விளையாடப் போய்விடுவாள். ரோட்டில் இப்போது எந்தப் பலகையையும் படிப்பதில்லை. அந்த ஏசி கடைக்கு எதிரே வண்டி நின்றால், முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்கிறாள். கண்ணாடியில் பார்க்கிறேன்.

கணவரிடம் சொன்னேன். “எல்லா அம்மாவும்தான் எழுதித் தர்றாங்க. நீ மட்டும் ஏன் போட்டு குழப்பிக்கிற?” என்றார். எல்லாரும் செய்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். எல்லார் பிள்ளையும் பலகை படித்துக்கொண்டு வந்ததா என்பதுதான் தெரியாது.

இப்போது பள்ளியில் ஆங்கில தினம் வருகிறது. அதிக முறை பலகையில் ஏறிய மூன்று பிள்ளைகள் மேடையில் நின்று, தங்கள் வார்த்தைகளை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று பெற்றோர் முன்னால் சொல்ல வேண்டும். அவளும் ஒருத்தி. நேற்றுச் சாயங்காலம் நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது நோட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அம்மா, சைக்காலஜிக்கல்ங்கிறத கிளினிக் போர்டுல பார்த்தேன்னு சொல்லிடுறேன். மத்த மூணுக்கும் எந்த போர்டு சொல்லட்டும்? நம்புற மாதிரி சொல்லு.”

“உன் ரெஃப்ரிஜிரேஷன மேடையில சொல்லேன்டா” என்றேன்.

“அது கிளாஸ் போர்டுல வரலியே. மிஸ் கேட்டா?” பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீ மிஸ்கிட்ட எதுவும் சொல்லிடாதம்மா. நான் பொய் சொன்னேன்னு தெரிஞ்சிடும்.”

ஆங்கில தினத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. மிஸ்ஸிடம் போய் உண்மையைச் சொன்னால், வகுப்பு முழுக்கப் பொய்க்காரி என்று பெயர் வாங்கப்போவது அவள், நான் இல்லை. சொல்லாமல் விட்டால், என் வார்த்தைகளுக்குக் கடைப் பலகைகளை இட்டுக்கட்டி, எல்லாருக்கும் முன்னால் அவள் மைக்கில் சொல்வாள். நான் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்ட வேண்டும்.

இதைப் படிக்கிறவர்களில் பிள்ளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள், ஆசிரியர்களும் இருப்பீர்கள். அவளை மாட்டிவிடாமல் நான் மட்டும் மாட்டிக்கொள்ள ஏதாவது வழி இருக்கிறதா? இருந்தால் எழுதுங்கள். அந்த முதல் கேள்விக்கு உங்கள் பிள்ளையாக இருந்தால் என்ன பதில் சொல்வீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.