பொரி தின்ற வண்டி

யாருடைய காராக இருந்தாலும் குழந்தையம்மாள் எடுத்த எடுப்பில் உள்ளே ஏறமாட்டாள். முதலில் எல்லாக் கண்ணாடிகளும் இறங்க வேண்டும். ஏசியைப் போடச் சொல்லி, காற்று வரும் துளைக்கு முன்னால் உள்ளங்கையைக் காட்டுவாள். கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பாள். முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது என்று பின்னாலிருந்து யார் கத்தினாலும் இது நடந்தே தீரும்.

“அத்தை காருக்குக் காய்ச்சல் பாக்குதுடோய்” என்று அண்ணன் மகன்கள் கேலி பேசுவார்கள். அவளும் சிரிப்பாள். சிரித்தபடியே அடுத்த துளைக்குக் கையைக் காட்டுவாள்.

பேச்சு அவளுக்கு எப்போதுமே கஞ்சம்தான். சென்னிமலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. பொள்ளாச்சியில் கொப்பரைத் தேங்காய் வியாபாரம் செய்யும் பொங்கியண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபின், அவர் சொல்வதைக் கேட்பதே வழக்கமாகிவிட்டது. ஆனால் கண் மட்டும் சும்மா இருக்காது. எந்தக் கோழி எந்த மூலையில் முட்டையிடுகிறது, எந்த ஆள் எடைபோடும்போது தராசைத் தட்டுகிறான் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்லத்தான் வாய் வராது.

தொண்ணூற்றேழில் பொங்கியண்ணன் ஏசி வைத்த புதுமாடல் கார் வாங்கினார். அந்தத் தெருவில் அதுதான் முதல் ஏசி கார். வெயில் படக்கூடாது என்று கொப்பரைக் குடோனை ஒட்டியிருந்த கொட்டகையில் நிறுத்தினார். ஆயுத பூசைக்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் ஆனபிறகு, படி நிறையப் பொரியும் கடலையும் எடுத்து, வண்டியின் தலையில் அபிஷேகம் போலக் கொட்டினார்.

“ஏனுங்க, முன்கண்ணாடிக்குக் கீழ இருக்கற சந்துக்குள்ள உளுகுதுங்க” என்றாள் குழந்தையம்மாள்.

“உளுகட்டும் புள்ள. வருசம் பூரா ஒழைக்குது. அதுக்கும் பசிக்குமல்ல?”

மகள் லோகப்பிரியா கைகொட்டிச் சிரித்தாள். அப்போது அவளுக்கு ஆறு வயது. தன் பங்குக்கு இன்னொரு கைப்பிடியைச் சந்தில் போட்டாள். அடுத்த வருசமும் அப்படியே ஊட்டினார்கள்.

லோகப்பிரியாவுக்கு மூச்சிளைப்பு வந்தது அந்த இரண்டு பூசைகளுக்கும் நடுவில்தான். நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவதுபோல ஒரு சத்தம் வரும். கோயமுத்தூர் டாக்டர், “தூசி ஆகாது, தூசி பக்கமே விடாதீர்கள்” என்றார். வீட்டில் தூசி என்றால் கொப்பரை காயவைக்கும் களம்தான். கோழிகளை விற்றார்கள், பாயைக் கொளுத்தினார்கள். ஒன்றும் சரிப்படவில்லை. கடைசியில் பொங்கியண்ணன் ஒரு முடிவுக்கு வந்தார். அரைப் பரீட்சை முடிந்ததும் பிள்ளையைக் கோத்தகிரிக்கு அனுப்பிவிடுவது. அங்கே அவருடைய அக்கா இருக்கிறாள். தூசியில்லாத மலைக்காற்று.

“எத்தன நாளைக்குங்க?”

“படிச்சு முடிக்கற வரைக்கும்.”

அன்றிலிருந்து குழந்தையம்மாள் பிள்ளையை உற்றுக் கவனிக்கத் தொடங்கினாள்.

பிள்ளை எப்போது இளைக்கிறாள்? களத்தில் விளையாடும்போது கொஞ்சம் இருமுகிறாள், அவ்வளவுதான். டாக்டரிடம் போகும் வழியில்தான் அதிகமாகிறது. அங்கே முகமூடி வைத்து மருந்துப் புகை கொடுத்தால் அடங்குகிறது. வீடு வந்து சேர்வதற்குள் மறுபடி கிளம்புகிறது. ஒருமுறை கணவர் காங்கயம் போயிருந்ததால் டவுன் பஸ்ஸைப் பிடித்து, பிறகு கோயமுத்தூர் பஸ் மாறிப் போனார்கள். பீடிப் புகை, மண், நெரிசல். லோகப்பிரியா போக வர சன்னலோரம் உட்கார்ந்து பாட்டுப் பாடினாள். அதைக் குழந்தையம்மாள் கணவரிடம் சொன்னபோது, “மருந்து வேலை செய்யுது” என்று முடித்துவிட்டார்.

கார்த்திகையில் ஒரு காலை. பிள்ளைக்கு விடிந்ததிலிருந்தே இழுப்பு. காரில் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். பொங்கியண்ணன் எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றி, ஏசியை முழுவேகத்தில் வைத்தார். முன்பக்கம் எதுவோ கடகடவென்று உருண்டது. சென்ட் பாட்டில் வாசனைக்கு அடியில் இன்னொரு நாற்றம். குடோன் மூலையில் கொப்பரை மூட்டையை நகர்த்தினால் வருமே, அது. எலி மூத்திர நாற்றம்.

கிணத்துக்கடவு தாண்டியதும் பிள்ளையின் விலா எலும்புகள் உள்ளே போய் வந்தன. உதடு நிறம் மாறியது.

“ஏனுங்க, கண்ணாடிய எறக்குங்க.”

“லாரி போற ரோடு. தூசி வந்துரும், சும்மா இரு.”

“அம்மா... முடீல...”

“ஏசிய நிறுத்துங்க!” அவள் போட்ட சத்தத்தில் வண்டியே ஒரு ஆட்டம் ஆடியது. கலியாணமான நாளிலிருந்து அவர் அந்தக் குரலைக் கேட்டதில்லை. அவர் கை தானாகப் பொத்தானுக்குப் போனது. அவள் கண்ணாடியை இறக்கி, பிள்ளையின் முகத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்தாள். செம்மண்ணும் டீசல் புகையும் முகத்தில் அடித்தன. தப்பு செய்கிறோமோ என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. இருந்தும் ஏற்றவில்லை. ஒத்தக்கால்மண்டபம் வருவதற்குள் பிள்ளை ஒரு வார்த்தை பேசினாள். “தண்ணி.”

ஆஸ்பத்திரியில் மத்தியானம் வரை வைத்திருந்து அனுப்பினார்கள். கேட்டுக்கு வெளியே கார் கதவைத் திறந்து பிடித்தபடி பொங்கியண்ணன் நின்றார்.

“நானு இதுல ஏறமாட்டனுங்க. எம்புள்ளயும் ஏறமாட்டா. உள்ள எலி இருக்குதுங்க.”

“பைத்தியமா உனக்கு? புதுவண்டி!”

அவள் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். அவர் பக்கத்திலேயே காரை ஊரவிட்டுக்கொண்டு வந்தார். “ஏறு புள்ள... ஊரே பாக்குது... அம்மணி, சொன்னாக் கேளு...” டீக்கடையில் நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஒருவன், “அண்ணா, பொண்டாட்டிய ஏத்த முடியலீனா எங்களையாவது ஏத்துங்க” என்றான். தெருமுனையில் கார் ஏசி பழுதுபார்க்கும் வரதராஜுலுவின் பட்டறை இருந்தது. குழந்தையம்மாள் நேரே அதற்குள் நுழைந்து நின்றுவிட்டாள். வேறு வழியில்லாமல் காரும் நுழைந்தது.

வரதராஜுலுவுக்கு அந்த மாடல் புதிது. கடகட சத்தத்தை வைத்து அதையும் இதையும் கழற்றி, வைப்பர் அடியில் இருந்த பிளாஸ்டிக் மூடியைத் தூக்கினார். தூக்கியவர் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார்.

தேங்காய் நார், சீட்டுப் பஞ்சு, கொப்பரைத் துண்டு, மஞ்சள் படிந்த பொரி, எலிப்புழுக்கை. அதன்மேல் முடி முளைக்காத சிவந்த குட்டிகள். அடியில் ஒரு அட்டைச் சல்லடை, கரியாய்க் கறுத்து, நடுவில் கடித்த ஓட்டையோடு.

“ஏசிக்குப் போற காத்த வடிகட்டற பில்டரு போலிருக்குதுங்ணா. இப்படி ஒண்ணு இருக்கறதே எனக்கு இப்பத்தான் தெரியுது. மாத்தவே இல்லீங்களா?”

“இருக்குதுன்னு தெரிஞ்சாத்தானே மாத்தறதுக்கு” என்றார் பொங்கியண்ணன். பொரியைப் பார்த்தபடி நின்றார். பிறகு மனைவியைப் பார்க்காமலே, “பஸ்ஸுக்குப் போலாம் வா. பாப்பாவ எங்கிட்டக் குடு” என்றார்.

பஸ்ஸில் கோத்தகிரிப் பேச்சை அவர் எடுக்கவில்லை. அரைப் பரீட்சை முடிந்த பிறகும் எடுக்கவில்லை.

லோகப்பிரியா பொள்ளாச்சியிலேயே படித்து முடித்தாள். இப்போது பீளமேட்டில் குடியிருக்கிறாள். இளைப்பு முழுதாகப் போகவில்லை. பனிக்காலத்தில் வரும், கைப்பையில் மருந்து வைத்திருக்கிறாள். பொங்கியண்ணன் ஆயுத பூசைப் பொரியைத் தட்டில் வைத்து, வண்டிக்கு எட்டாத தூரத்தில் படைக்கிறார். குழந்தையம்மாள் இன்றைக்கும் கையை முகர்ந்து பார்த்த பிறகே காரில் ஏறுகிறாள்.